நம்மவர் பெயர் எந்தச் செக்ரோலில்?

1945-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள். பினாங்குக் கடலில் 'நெல்சன்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் நங்கூரமிட்டு நின்றது. ஜப்பானிய ரியர் அட்மிரல் ஜிசாக்கு உவோசுமி அதில் ஏறினார். ஆங்கிலேயக் கடற்படையின் வைஸ் அட்மிரல் வாக்கர் முன்னிலையில், பினாங்கை ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அதே நாளில் தோக்கியோ விரிகுடாவில் 'மிசூரி' கப்பலில் ஜப்பானிய சாம்ராஜ்யம் முழுவதுமே சரணாகதிப் பத்திரத்தில் ஒப்பமிட்டது. மறுநாள் ஆங்கிலேயக் கடற்படை வீரர்கள் ஜார்ஜ் டவுனில் இறங்கினார்கள். யுத்தம் முடிந்தது என்று சரித்திரப் புத்தகம் அந்தப் பக்கத்தோடு அத்தியாயத்தை மூடிவிடுகிறது.

யாருக்கு முடிந்தது? தோழர்களே, அதைத்தான் நாம் கேட்கிறோம்.

இப்படிக் கேட்டால் நம்மிடையிலேயே இரண்டு வகையான பதில் வருகிறது. "அது வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் போட்ட சண்டை. பால்மரம் வெட்டுகிற நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்பார் ஒருவர். "எண்பது வருஷத்துக் கதையை இன்னும் ஏன் கிளறுகிறீர்கள்? அடுத்த சம்பள ஒப்பந்தத்தைப் பாருங்கள்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் நல்லவர்கள்தாம். ஆனால் இரண்டு பேர் சொல்வதும் தவறு.

முதலாமவருக்கு முதலில் பதில் சொல்வோம்.

அந்த மகாயுத்தம் ஒரு நாளில் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1929-இல் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்தது. மோட்டார் வண்டி வாங்க ஆளில்லை, டயருக்குத் தேவையில்லை, ரப்பர் விலை அடிமட்டத்துக்கு இறங்கியது. நம் தோட்டங்களில் கூலி ஏறக்குறையப் பாதியாக வெட்டப்பட்டது. ஆயிரமாயிரம் பேரைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். அதே பஞ்சத்தில் ஜெர்மனியில் வேலையற்றோர் கூட்டம் பெருகி, 1933-இல் ஹிட்லர் பதவிக்கு வந்தான். ஜப்பானில் இராணுவத்தார் கை ஓங்கி, 1931-இல் மஞ்சூரியாவைப் பிடித்தார்கள். 1937-இல் சீனா முழுவதையும் விழுங்கப் புறப்பட்டார்கள். 1939 செப்டம்பர் முதல் தேதி ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்தது. இரண்டு நாள் கழித்துப் பிரிட்டன் யுத்தப் பிரகடனம் செய்தது. 1940-இல் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

ஜப்பானுக்கு என்ன வேண்டியிருந்தது? எண்ணெய், ஈயம், ரப்பர். 1941 ஜூலையில் அது தென் இந்தோசீனாவில் படையிறக்க, அமெரிக்கா எண்ணெய் விற்பனையை நிறுத்தியது. எண்ணெய் இல்லாத கப்பற்படை எத்தனை நாள் ஓடும்? ஆகவே தெற்கே பார்த்தார்கள். எண்ணெய் டச்சுக்காரன் ஆண்ட ஜாவா, சுமத்ராவில் இருந்தது. உலக ரப்பரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், ஈயத்தில் பாதிக்கு மேலும் மலாயாவில் இருந்தது. அந்த ரப்பரை விடியற்காலையில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு வெட்டி எடுத்தவன் யார்? நம் பாட்டன். வாளியைத் தூக்கியவள் யார்? நம் பாட்டி. நாம் சீவிய மரத்துக்காக இரண்டு சாம்ராஜ்யங்கள் அடித்துக்கொண்டன. இதில் நமக்குச் சம்பந்தமில்லை என்றால் வேறு யாருக்குச் சம்பந்தம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்கு யுத்தம் தொடங்கியது 1941 டிசம்பரில் அன்று. அதே வருஷம் கிள்ளானில் தொடங்கிவிட்டது. ஐரோப்பாவில் சண்டை மூண்டதும் ரப்பர் விலை ஏறியது. துரைமாரின் இலாபம் ஏறியது. கூலி ஏறவில்லை. ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு என்பது சீனிவாச சாஸ்திரியார் 1937-இல் சிபாரிசு செய்த கூலி. அதையும் 1938-இல் குறைத்தார்கள். அதனால்தான் இந்திய அரசாங்கம் ஆளனுப்புவதையே நிறுத்தியது. 1941-இல் ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் தோட்டங்கள் எழுந்தன. கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி; பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்; நம் பெண்கள்மேல் கை வைக்காதே; கள்ளுக்கடையை மூடு; துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற கொடுமையை ஒழி. இவ்வளவுதான். மே மாதம் நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசர நிலை பிறப்பித்துப் பட்டாளத்தைக் கொண்டுவந்தார்கள். தொழிலாளர் சுடப்பட்டு மாண்டார்கள். சைக்கிளில் ஏறி உட்காரக் கேட்டவன்மேல் குறி தப்பாத துப்பாக்கி, ஏழு மாதம் கழித்து ஜப்பான்காரன் வந்தபோது என்ன செய்தது என்பதைப் பினாங்கில் பார்ப்போம்.

1941 டிசம்பர் 8 நள்ளிரவு தாண்டியதும் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். முத்துத் துறைமுகத்தில் குண்டு விழுமுன்பே இங்கே சண்டை தொடங்கிவிட்டது. 10-ஆம் தேதி 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெருங்கப்பல்களும் குவாந்தான் கடலில் மூழ்கின. 11-ஆம் தேதி பினாங்குக்கு வந்தது வினை. விமானங்கள் வந்தபோது ஜனங்கள் ஓடவில்லை. நம் விமானங்கள் என்று நினைத்து வீதியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்! விமானத்தைச் சுட ஒரு பீரங்கி கூட அந்தத் தீவில் இல்லை. கடைத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டும் காயமுற்றும் விழுந்தார்கள்.

பிறகு நடந்ததை நம் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். டிசம்பர் 16 இரவும் மறுநாள் அதிகாலையுமாக ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் படகேறித் தீவைவிட்டுப் போனார்கள். தமிழனுக்கும் சீனனுக்கும் மலாய்க்காரனுக்கும் அந்தப் படகில் இடமில்லை. சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்த மந்திரி டஃப் கூப்பர், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் பத்திரமாக அப்புறப்படுத்தப்பட்டனர் என்று வானொலியில் பேசினார். அவர் கணக்கில் மக்கள் என்றால் யார் என்பது அன்று விளங்கிற்று.

போனவர்கள் வானொலி நிலையத்தை அழிக்காமல் விட்டுப் போனார்கள். துறைமுகத்தில் சிறு கப்பல்களையும் படகுகளையும் விட்டுப் போனார்கள். நம்மை ஏற்றிச்செல்ல மனம் வராத படகுகள், பின்னர் ஜப்பானியப் படையை மேற்குக் கரையோரம் ஏற்றிச்சென்று ஆங்கிலேயப் படைக்குப் பின்னால் இறக்கின!

தீவில் மிஞ்சியவர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொண்டார்கள். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர் எம். சரவணமுத்து, ஒரு யாழ்ப்பாணத் தமிழர், கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த யூனியன் ஜாக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றினார். எல்லா இனத்தாரும் சேர்ந்த சேவைக் குழு அமைத்து அரிசி, தண்ணீர், காவல் மூன்றையும் கவனித்தார். பினாங்கில் ஆங்கிலேயப் படை இல்லை என்று வானொலியில் அறிவித்ததால் குண்டு வீச்சு நின்றது. 19-ஆம் தேதி ஜப்பானியர் தீவில் கால் வைத்தார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரே விழுந்தது.

வந்தவன் யோக்கியனா? "ஆசியா ஆசியருக்கே" என்றான். அதை இன்றும் ஒப்பிப்பவர்கள் நம்மில் இல்லாமலில்லை. 1942 ஏப்ரலில் பினாங்குச் சீனர்களை வரிசையில் நிறுத்தி, முகமூடி போட்ட காட்டிக்கொடுப்பவன் தலையசைத்தவர்களை எல்லாம் கொண்டுபோய்ச் சிறையிலிட்டு வதைத்தானே, அவர்கள் ஆசியர் இல்லையா? சுங் லிங் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் கொல்லப்பட்டார்களே, அவர்கள் எந்தக் கண்டத்தைச் சேர்ந்தவர்கள்? பினாங்குத் துறைமுகத்தில் ஜப்பானிய நீர்மூழ்கிகளோடு ஹிட்லரின் நீர்மூழ்கிகளும் 1943 முதல் வந்து தங்கின. திரும்பும்போது வயிறு நிறைய ரப்பரும் ஈயமும் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போயின. ஆசியருக்கே என்றவன் ஆசிய ரப்பரை ஹிட்லருக்கு அனுப்பினான். இதுதான் அந்தக் கோஷத்தின் யோக்கியதை.

மற்றபடி தோட்டங்களில் ரப்பருக்குக் கப்பல் இல்லை. மரம் சும்மா நின்றது. அரிசி மறைந்தது, மரவள்ளிக்கிழங்கு சோறாயிற்று, வாழைமர நோட்டு மூட்டை மூட்டையாக அச்சாயிற்று. வேலையில்லாமல் பசித்துக் கிடந்த கூட்டத்தின்மேல்தான் ஜப்பானியனின் கண் விழுந்தது.

இங்கேதான் நாம் நின்று பேசவேண்டும்.

பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குக் கடல்வழி ஆபத்தாகிவிட்டது. ஆகவே சயாமில் பான்போங்கிலிருந்து பர்மாவில் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், மலையும் காடுமாகக் கிடந்த நிலத்தில் ரயில் பாதை போடத் தீர்மானித்தார்கள். தண்டவாளத்துக்கு மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையையும் மலாக்காக் கிளைப் பாதையையும் பெயர்த்தார்கள். ஆளுக்குத் தோட்டங்களைப் பெயர்த்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு, குடும்பத்தோடு வரலாம் என்று சொல்லி அழைத்தார்கள். பசித்தவன் நம்பினான். நம்பாதவனை வழியில் மடக்கினார்கள். மலாயாவிலிருந்து 70,000 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலோர் தமிழர், பெரும்பாலோர் நம் தோட்டத்து ஆட்கள். புக்கிட் மெர்த்தாஜத்தைத் தாண்டி வடக்கே செல்லும் அதே பாதையில், கூட்ஸ் வண்டியில், உட்கார இடமின்றிப் போனார்கள். பான்போங்கில் இறங்கிய பிறகு காட்டுக்குள் நாள் கணக்காக நடை.

1943-இல் மழைக்காலம் பிறந்தது. பாதையைச் சீக்கிரம் முடிக்க மேலிடத்து உத்தரவு வந்தது. "ஸ்பீடோ! ஸ்பீடோ!" என்ற கூச்சலோடு மூங்கில் தடி முதுகில் விழுந்தது. மே, ஜூன் மாதங்களில் காலரா வந்தது. வெள்ளைக்காரக் கைதிகள் முகாமிலும் வந்தது. நம்மவர் முகாமிலும் வந்தது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கைதிகள் இராணுவத்தார். அவர்களோடு அவர்கள் டாக்டர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று கட்டளையிட ஆளிருந்தது, செத்தவன் பெயரையும் தேதியையும் குறித்துவைக்க ஒரு கை இருந்தது. நம்மவருக்கு டாக்டர் இல்லை, அதிகாரி இல்லை, சங்கம் இல்லை. ஆற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள், கொட்டகைக்குள்ளேயே விழுந்தார்கள், பிழைத்தவன் செத்தவனை இழுத்துப் போட்டு எரித்தான், மறுவாரம் அவனை இன்னொருவன் இழுத்தான். 1943 அக்டோபர் 17-இல் இரு பக்கத்துத் தண்டவாளமும் காட்டு நடுவே சேர்ந்தன. சேர்ந்த பிறகும் நம் ஆட்களை விடவில்லை. பாதையைப் பழுதுபார்க்க வைத்துக்கொண்டார்கள். மேலிருந்து நேசநாட்டு விமானங்கள் குண்டு போட்டபோதும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

செத்தவர் எத்தனை? கேளுங்கள். அந்தப் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர் 12,000 பேருக்கு மேல். ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, படைப்பிரிவு உண்டு, தேதி உண்டு. காஞ்சனபுரியில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், புல் வெட்டிப் பூச்செடி வைத்து, வரிசை பிசகாமல் நிற்கின்றன. அதை நாம் குறை சொல்லவில்லை. அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள்தாம். ஆசியத் தொழிலாளர்? 1,80,000 பேருக்கு மேல் போனார்கள் என்பது ஒரு கணக்கு. செத்தவர் 90,000 என்பார் ஒருவர், அதற்கும் மேல் என்பார் இன்னொருவர். வெள்ளைக்காரன் ஒருவன் ஒருவனாகச் செத்தான். நம்மவன் முழு ஆயிரத்தில் செத்தான்! ஆயிரக் கணக்கில் முன்னே பின்னே போனாலும் கேட்க ஆளில்லை.

இந்த இடத்தில் இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1943 ஏப்ரலில் பினாங்கிலிருந்து கிளம்பிய ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி, மடகாஸ்கர் அருகே நேதாஜியை ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தது. அவர் ஜூலையில் சிங்கப்பூரில் பேசியபோது தோட்டத்து ஆணும் பெண்ணும் எழுந்து நின்றார்கள். துரையைக் கண்டு சைக்கிளிலிருந்து இறங்கியவன் தோளில் துப்பாக்கி ஏறியது. ஜான்சி ராணிப் படையில் பால் வெட்டிய பெண்கள் சேர்ந்தார்கள். அந்த நிமிர்வு பொய்யன்று. சங்கம் கட்டும் துணிவு பலருக்கு அங்கிருந்தே வந்தது. ஆனால் அதே மாதங்களில், அதே தோட்டங்களிலிருந்து, அண்ணன் படைக்கும் தம்பி ரயிலுக்கும் போனான் என்பதையும் மறைக்கக்கூடாது. ரயிலுக்குத் தப்பவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. அண்ணனுக்கு மாலை கிடைத்தது. தம்பியைப் பற்றி நாமே பேசுவதில்லை.

யுத்தத்தின் மற்றப் பக்கங்களை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மிட்வே, ஸ்டாலின்கிராட், நார்மண்டி, இம்பால் என்று வரிசையாக அச்சு நாடுகள் முறிந்தன. 1945 மே 8-இல் ஜெர்மனி வீழ்ந்தது. ஆகஸ்ட் 6-இல் ஹிரோஷிமாவும் 9-இல் நாகசாக்கியும் அணுகுண்டில் வெந்தன. ரஷ்யப் படை மஞ்சூரியாவில் புகுந்தது. 15-ஆம் தேதி ஜப்பானியச் சக்கரவர்த்தி வானொலியில் பேசினார். பிறகுதான் 'நெல்சன்' கப்பல் கையெழுத்து.

இனி இரண்டாமவருக்கு வருவோம். எண்பது வருஷக் கதை என்றாரே, அவருக்கு.

திரும்பி வந்த வெள்ளைக்காரன் முதலில் செய்தது, ஜப்பானிய நோட்டுச் செல்லாது என்றது. பெட்டியில் இருந்தது ஒரே நாளில் வெறுங்காகிதமாயிற்று. அரிசி விலை பல மடங்கு; கூலி மட்டும் யுத்தத்துக்கு முந்திய அளவு. அடுத்து, நம்மவர் எலும்பின்மேல் ஓடிய அந்த ரயில்பாதையின் சயாம் பகுதியைச் சயாம் அரசாங்கத்துக்கே 12½ இலட்சம் பவுனுக்கு விற்றது. கைப்பற்றிய சொத்தாம்! போட்டவன் கூலி பாக்கி இருக்க, போட்ட பாதைக்கு விலை கிடைத்தது. 1967 செப்டம்பர் 21-இல் நம் நாடும் ஜப்பானும் 'இரத்தக் கடன்' ஒப்பந்தம் செய்தன. 2½ கோடி வெள்ளி, அதுவும் ரொக்கமன்று, பொருளாகவும் சேவையாகவும். இரண்டு சரக்குக் கப்பல்கள் வந்தன. கடன் முற்றாகத் தீர்ந்தது என்று எழுதிக்கொண்டார்கள். சயாமில் புருஷனைப் பறிகொடுத்தவள் அந்தக் கப்பலை வைத்து என்ன செய்வாள்? 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் தன் முன்னாள் போர்க்கைதிகளில் உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 10,000 பவுன் கொடுத்தது. பக்கத்துக் கொட்டகையில் கிடந்த தமிழனுக்கு அந்தத் திட்டத்தில் ஒரு பென்னி இல்லை. 1957-இல் வந்த குவாய் ஆற்றுப் பாலம் படத்தை உலகமே பார்த்தது. அதில் நம் முகத்தைத் தேடினால் கிடைக்காது. (படம் பிடித்ததோ இலங்கையின் கித்துல்கலையில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மலைநாட்டின் வாசலில்!)

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்களை எழுதியவர்கள் நம் நாட்டுத் தமிழ் எழுத்தாளர்கள். காஞ்சனபுரிப் புத்த ஆலயத்தில் 2023-இல் நம்மவருக்கென்று ஒரு நடுகல் நாட்டப்பட்டது. அதற்கு உழைத்தவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் அந்தக் கல்லிலும் பெயர்கள் பொறிக்க முடியவில்லையே, ஏன்? எவரிடமும் பட்டியல் இல்லை.

இதுதான் நமக்கு உறைக்கிற இடம். தோட்டத்தில் செக்ரோல் இல்லாத நாள் உண்டா? அரை நாள் வேலைக்கு வராதவன் பெயரைப் பிரட்டுக்களத்தில் கூப்பிட்டுச் சிவப்பு மையால் குறித்த தேசம் இது. ஒரு காசு பிடித்தத்துக்குப் பெயர் எழுதத் தெரிந்தவர்களுக்கு 70,000 பேர் போனபோது எழுதத் தெரியவில்லையா? எழுதினார்கள். தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கேட்டபோது சில கிராணிமார் எழுதிக் கொடுத்தார்கள். சிலர் அடியும் உதையும் வாங்கிக்கொண்டு ஆட்களை ரப்பர்க் காட்டில் ஒளித்தார்கள். நம் வாசகர்களில் கிராணிமாரும் இருப்பதால் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம். துரை ஓடிவிட்டான், துப்பாக்கி முனையில் நின்றவர் அவர்கள். இன்று யாரையும் கூண்டில் ஏற்ற நாம் வரவில்லை. அந்தக் காகிதங்கள் எங்கே என்றுதான் கேட்கிறோம்.

தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, செபராங் பிறையில் பல தோட்டங்கள் வீடமைப்பும் தொழிற்பேட்டையுமாகிவிட்டன. ஆபீசை இடிக்கும்போது பழைய புத்தகங்கள் எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். 1943-இல் பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்பது: சுவடிக் காப்பகத்தில் உள்ள ஜப்பானியர் காலத் தொழிலாளர் காகிதங்களைத் தேடித் தமிழ் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள், பள்ளிப் புத்தகத்தில் மரண ரயிலுக்கு ஒரு வரியல்ல, ஒரு பாடம் வையுங்கள். தோட்டக் கம்பெனிகளிடம் கேட்பது: பழைய செக்ரோல்களை எரிக்காதீர்கள், கறையானுக்குப் போடாதீர்கள், கொடுங்கள்.

நம் கிளைகளிடம் கேட்பது இன்னும் சுலபம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் கேளுங்கள்: பெயர், தகப்பன் பெயர், தோட்டம், எந்த டிவிஷன், எந்த மாதம் போனார், யாரோடு போனார், வந்தாரா இல்லையா. கையெழுத்து நன்றாயிருக்கும் கிராணிமார் யாராவது உட்கார்ந்து எழுதட்டும். பெயர் மறந்துபோயிருந்தால் அழைத்த பெயரை எழுதுங்கள். அதுவும் தெரியாவிட்டால், "நாலாம் லயம், கடைசி வீடு, புருஷன் பெண்சாதி இருவர், கைக்குழந்தை ஒன்று, திரும்பவில்லை" என்று உள்ளதை எழுதுங்கள். நோட்டு நிறைந்ததும் ஒரு பிரதி கிளையில் வைத்துக்கொண்டு மறு பிரதியை நமக்கு அனுப்புங்கள். வருகிற வரிசையில், தோட்டம் தோட்டமாக, இந்தப் பக்கங்களிலேயே அச்சிடுவோம்.